உயிரோடு இருப்பதற்கு என்ன சான்று

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நீங்களும் சற்றுமுன் அதையேதான் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் சார். "அதுல யார் வேணா எழுதலாமாமே?" எழுதலாம். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால்தான் என்னைப் போன்ற ஒருவன் அங்கே தேவைப்படுகிறேன்.

நாங்கள் நடத்துவது இணையத்தில் இருக்கும் ஒரு தமிழ்க் கலைக்களஞ்சியம். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஊர் உலகத்தில் இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதுகிறார்கள். தவறாக எழுதியதை நீக்குவதற்கும், அடங்காதவர்களின் கணக்கைத் தடை செய்வதற்கும் அதிகாரம் பெற்ற சில நிர்வாகிகள் உண்டு. நான் அவர்களில் ஒருவன். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் சொந்த ஃப்ளாட். காலையில் என் மனைவி சுபத்ரா காபி கொண்டுவந்து வைக்கும்போது நான் உதவிப் பக்கத்தைத் திறந்திருப்பேன். புதியவர்கள் சந்தேகம் கேட்கிற பக்கம் அது.

அங்கே வருகிறவர்களை நீங்கள் பார்க்க வேண்டும். பெருங்களத்தூரில் அடுக்குமாடி கட்டி விற்கிற ஒருவர், "எங்க கம்பெனிக்கு ஒரு பேஜ் போட எவ்ளோ சார் ஆகும்?" என்று கேட்டார். ஒரு பல் டாக்டர் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்டு, தன்னைத் தென்சென்னையின் ஒளிவிளக்கு என்று குறிப்பிட்டிருந்தார். ப்ரியா என்று ஒரு கல்லூரிப் பெண், "நான் எழுதினதை ஏன் டெலீட் பண்ணீங்க, கஷ்டப்பட்டு டைப் பண்ணேன்" என்று அழாத குறை. எங்கிருந்தோ வெட்டி ஒட்டியதற்கு என்ன கஷ்டமோ. இவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து சேருகிற இடம் ஒன்றுதான். "எனக்கே தெரியும் சார், இதுக்கு எதுக்குச் சான்று?"

நான் யாரிடமும் கோபப்பட்டதில்லை. ஒவ்வொரு பதிலையும் வணக்கம் என்று தொடங்கி நன்றி என்று முடிப்பேன். இடையில் இருக்கும் வரிகளைப் படித்துவிட்டு அவர்களில் பெரும்பாலோர் திரும்ப வரமாட்டார்கள். களஞ்சியத்துக்கு அது நல்லது.

அமலராணியும் அப்படித்தான் வந்தாள். ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிற பெண் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். முதல் நாள் அவள் எழுதியது இவ்வளவுதான்: "எங்க அப்பா ஏசுபாதம் பத்தி ஒரு பேஜ் இருக்கு. அதுல அவரு இறந்துட்டார்னு போட்டிருக்கு. அவரு உயிரோட இருக்காரு. எப்படி மாத்துறது?"

அந்தக் கட்டுரையை எழுதியது நான். ஏசுபாதம் ஒரு காலத்தில் பெரிய பூப்பந்து ஆட்டக்காரர். மஞ்சள் கம்பளிப் பந்தை வைத்து ஆடுவார்களே, அந்த ஆட்டம். தாம்பரத்தில் ரயில்வே வேலை, மாநில அணி, பிறகு இந்திய அணி. பழைய பத்திரிகைகளைத் தோண்டி எடுத்து எழுதினேன். முதற்பக்கத்தில் வைக்கத் தகுந்த சிறப்புக் கட்டுரை என்று அதைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் எழுதியவற்றில் அந்த மரியாதை பெற்றது அது ஒன்றுதான். அவர் இறந்த செய்திக்கு, இப்போது நின்றுபோன ஒரு மாலைப் பத்திரிகையைச் சான்றாகக் கொடுத்திருந்தேன்.

அவளுக்கு நான் எழுதிய பதில்: "வணக்கம். தனிப்பட்ட முறையில் அறிந்ததை நாங்கள் சான்றாக ஏற்பதில்லை. நம்பகமான பத்திரிகை எதிலாவது அவர் உயிரோடு இருப்பதாகச் செய்தி வந்திருந்தால் குறிப்பிடவும். நன்றி."

யோசித்துப் பாருங்கள். விதிப்படி அதில் ஒரு பிழையும் இல்லை.

அவள் விதியைப் படிக்கவில்லை. நேராகப் போய் 'இறந்தார்' என்ற வரியை அழித்தாள். நான் அதைத் திரும்பச் சேர்த்தேன். மறுபடி அழித்தாள். மறுபடி சேர்த்தேன். பிறகு பக்கத்தின் தலையிலேயே எழுதினாள்: "எங்க அப்பா இப்ப என் பக்கத்துல உக்காந்து இட்லி சாப்டுறார்." இட்லியை எப்படி சார் மேற்கோள் காட்டுவது? கணக்கைத் தடை செய்தேன். வேறொரு பெயரில் வந்தாள். ஒரே ஆள் பல முகமூடி போட்டுக்கொண்டு வருவது எங்களிடம் பெரிய குற்றம். அதையும் தடை செய்தேன். மூன்றாவது பெயரில் வந்தபோது அவளுடைய தொனி இறங்கியிருந்தது.

"சார், என் பொண்ணை ஸ்கூல்ல தாத்தா பத்தி பேசச் சொன்னாங்க. மிஸ் உங்க பேஜைத் திறந்து பாத்துட்டு, தாத்தா செத்துட்டாரே, ஏன் பொய் சொல்றேன்னு கேட்டிருக்காங்க. பசங்க எல்லாம் உங்க தாத்தா பேயான்னு கிண்டல் பண்றாங்க. அப்பாவுக்கு ஹார்ட்ல ஸ்டென்ட் வச்சிருக்கு. இதைப் பாத்ததுல இருந்து சரியா சாப்பிடல. தயவுபண்ணி எடுத்துடுங்க. உங்களுக்கு அப்பா இல்லையா? படிச்சவங்கதானே நீங்க?"

"வணக்கம். ஒருவருடைய உடல்நிலை குறித்த விவரங்களைப் பொதுவில் எழுதுவது தனியுரிமை மீறல். அவற்றை நீக்கியிருக்கிறேன். நன்றி."

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எப்படியும் கண்டுபிடிப்பீர்கள், நானே சொல்வதுதான் மரியாதை. அவள் முதல் முறை கேட்ட அன்றே அந்த மாலைப் பத்திரிகையின் பிரதியை எடுத்து நான் மறுபடி படித்தேன். நாலு வரிச் செய்தி. 'நாசரேத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியரும் பூப்பந்து வீரருமான ஏசுபாதம் காலமானார்.' தாம்பரம் ரயில்வே ஊழியர் எப்படித் தென்கோடியில் இருக்கும் நாசரேத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருக்க முடியும்? அவர் வேறு ஆள். எழுதும்போது பெயரைப் பார்த்தேன், மீதியைப் பார்க்கவில்லை. யாருக்கும் நேரக்கூடியதுதான்.

திருத்தியிருக்கலாமே என்பீர்கள். பதில் போடுவதற்கு முன்பே எனக்குத் தெரியும், ஆமாம். ஆனால் சான்று என்றால் என்ன, நம்பகம் என்றால் என்ன என்று அந்தப் பக்கத்தில் இத்தனை வருஷமாகப் பாடம் நடத்தியவன் நான். எழுத்துப்பிழை இல்லாமல் ஒரு வரி எழுதத் தெரியாத பெண் வந்து சொன்னாள் என்பதற்காக, எல்லோரும் பார்க்க நான் தலைகுனிவதா? கொஞ்ச நாள் போகட்டும், ஓசைப்படாமல் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அவள் ஓசைப்படுத்திக்கொண்டே இருந்தாள். அது அவளுடைய குற்றம்.

இதற்கிடையில் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் பூப்பந்து விழா நடந்தது. ராகவேந்திரா என்று ஒருவர், இளைஞர்தான், முன்னாள் ஆட்டக்காரர்களுக்காகப் புதிதாக ஒரு சங்கம் ஆரம்பித்திருந்தார். பழைய ஆட்டக்காரர்கள் யாரையும் அவருக்கு முகம் பார்த்துத் தெரியாது. எல்லா விவரத்தையும் என் கட்டுரைகளிலிருந்துதான் எடுத்தார். அதனால் மேடையில் எனக்கும் ஒரு நாற்காலி, ஒரு பொன்னாடை.

முதல் நிகழ்ச்சி மறைந்த வீரர்களுக்கு அஞ்சலி. திரையில் ஒவ்வொருவர் படமாக வந்தது. கூட்டம் எழுந்து நின்றது. கடைசி வரிசையில் ஒருவர், அந்த வெயிலில் கரும்பச்சைக் கோட்டு போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். கோட்டு தோளில் தொங்கிற்று, அது தைக்கப்பட்ட காலத்து உடம்பு இப்போது அவரிடம் இல்லை. கைகளை முன்னால் சேர்த்துத் தலையைக் குனிந்திருந்தார். ஏசுபாதம் என்று ஒலிபெருக்கியில் பெயர் வந்தபோது நிமிர்ந்து திரையைப் பார்த்தார். மட்டையும் கையுமாகச் சிரிக்கிற தன் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சுற்றிலும் எல்லோரும் தலைகுனிந்து நிற்பதைக் கவனித்துத் தானும் மறுபடி குனிந்துகொண்டார். அவருக்காக அவரே மௌனம் அனுசரித்தார். வேடிக்கையான மனிதர்.

அஞ்சலி முடிந்ததும் மேடைப் படிக்கட்டருகே வந்தார். ராகவேந்திராவிடம், "தம்பி, நான்தான்பா அந்த ஏசுபாதம். செத்துப் போவல. இங்க பக்கத்துல இரும்புலியூர்லதான் கீறேன்" என்றார்.

ராகவேந்திரா தடுமாறிப்போய் என்னிடம் வந்தார். "சார், இவர்தான் ஏசுபாதம்னு சொல்றார். ஆர்ட்டிகிள் எழுதினது நீங்கதானே? தெரியுமா உங்களுக்கு?"

நான் அந்த மனிதரைப் பார்த்தேன். மூக்கு ஒரு பக்கமாக வளைந்திருந்தது. ஆட்டத்தில் மட்டை பட்டு உடைந்த மூக்கு. அதை நானே கட்டுரையில் எழுதியிருக்கிறேன்.

"எனக்கு இவரைத் தெரியாது" என்றேன்.

அது பொய்யில்லை. அதற்கு முன்னால் யாரும் எங்களை அறிமுகப்படுத்தியதில்லை. "விழா என்றால் இப்படி நாலு பேர் வரத்தான் செய்வார்கள்" என்றும் சொன்னேன். ராகவேந்திரா அவருடைய தோளைப் பிடித்து, "பெரியவரே, சாப்பாடு கடைசியிலதான், போய் உக்காருங்க" என்று கூட்டிப்போனார். மரியாதையாகத்தான் நடத்தினார்கள். சாப்பாட்டுக்கு அவர் இருந்தாரா என்று நான் பார்க்கவில்லை.

என் பெயரும் போன் நம்பரும் விலாசமும் அவருக்கு அங்கேதான் கிடைத்திருக்க வேண்டும். அடுத்த வாரம் போன் செய்தார். ஒருமுறை வந்து பார்க்கலாமா என்று கேட்டார். வாருங்கள் என்றேன். ஏன் சொன்னேன் என்று கேட்கிறீர்களா? ஒரு மனிதர் வீட்டுக்கு வரலாமா என்று கேட்கும்போது வேண்டாம் என்று சொல்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

அவர் வந்த நாளில் சுபத்ரா காலனிப் பெண்களோடு வேன் பிடித்துத் திருநீர்மலைக்குப் போயிருந்தாள். முற்பகல் வேளை. கீழேயிருந்து போன் வந்தது.

"சார், லிஃப்ட் ரிப்பேர்னு போர்டு மாட்டிகீது. நீங்க கொஞ்சம் கீழ வர முடியுமா? எனக்கு நெஞ்சு ஒரு மாதிரி கீது. படி ஏறக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிகீறார்."

"பரவாயில்லை, மெதுவாக வாருங்கள்" என்றேன். மெதுவாக என்று நான் சொன்னேன். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மெதுவாகத்தான் வந்தார். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்குகிற சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. கதவைத் திறந்தேன். சோபாவில் உட்காரச் சொன்னேன். துணிப்பையிலிருந்து அணிப் புகைப்படம் ஒன்றையும் ஆதார் அட்டையையும் எடுத்து டீப்பாயில் பரப்பினார். பழைய படத்தில் விரலை வைத்து, "இது நான்" என்றார். ஆதாரைக் காட்டி, "இதுவும் நான்" என்றார்.

ஆதார் அட்டை எங்களுக்குச் சான்றாகாது, பத்திரிகை, புத்தகம் இப்படி ஏதாவது வெளிவந்திருக்க வேண்டும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு அவர் கேட்ட கேள்வி, புதியவர்கள் கேட்கும் அதே கேள்வி.

"நானே எதிர்ல உக்காந்துகினு கீறேனே சார். இதுக்கு மேல இன்னா சார் வேணும்?"

ஆதார் அட்டையை எடுத்து அவர் பக்கமாகத் தள்ளி வைத்தேன்.

"எனக்குப் பேரு புகழு எதுவும் வேணாம் சார். அந்தப் பக்கத்தையே தூக்கினாலும் சரி. 'இறந்தார்'னு கீதே, அத்த மட்டும் எடுத்துடுங்க. பேத்தி ஸ்கூலுக்குப் போவ மாட்டேன்னு அழுவுது." பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, குரலைத் தணித்துக்கொண்டார். "உங்க மேல ஒண்ணும் கோவம் இல்ல சார். எம் பொண்ணுதான் வாய் துடுக்கா எழுதிட்டா, மனசுல வெச்சிக்காதீங்க. தெரியாம நடந்தது. மனுசன்னா தப்பு வர்றதுதானே. அன்னிக்கு மேடையில தெரியாதுன்னு சொன்னீங்களே, அதுகூடப் பரவால்ல சார். அத்தினி பேர் நடுவுல நீங்க இன்னா பண்ணுவீங்க?"

இந்த இடத்தை நீங்கள் கவனமாக எழுதிக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் என்னைத் திட்டியிருக்கிறார்கள். திட்டுகிறவர்களைத் தடை செய்துவிடலாம், அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. இந்த மனிதர் திட்டவில்லை. என் வீட்டில், என் சோபாவில் உட்கார்ந்து, வியர்த்து வழிந்துகொண்டு, என்னை மன்னித்துக்கொண்டிருந்தார். மன்னிப்பதற்கு அவர் யார்? என்னிடம் கேட்காமலே, நான் தவறு செய்துவிட்டேன் என்பதை முடிந்துபோன விஷயமாக வைத்துக்கொண்டு அவர் பேசினார்.

அப்போதுதான் அவருக்கு வலி வந்தது. பேச்சு பாதியில் நின்றது. இடது கையை மார்போடு சேர்த்துக்கொண்டார். வலது கையால் சட்டைப் பையைத் துழாவி ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். அது கைதவறிக் கீழே விழுந்து டீப்பாய்க்கு அடியில் போய்விட்டது.

"சார், அத்த... நாக்குக்கு அடியில..."

குனிந்து எடுத்தேன். கையில் வைத்துக்கொண்டேன். பெயரைப் படித்தேன். எதையும் படிக்காமல் கொடுக்கிற வழக்கம் எனக்கில்லை.

அவருடைய போன் அடித்தது. திரையில் 'ராணி' என்று வந்தது. அடித்துக்கொண்டே இருக்க விடுவது நாகரிகமில்லை என்று எடுத்தேன்.

"அப்பா, போய்ச் சேர்ந்துட்டியா? மாடி எதுவும் ஏறலையே?"

"நான் யக்ஞநாராயணன் பேசுகிறேன் அம்மா. அப்பா வந்திருந்தார். பேசிவிட்டு இப்போதுதான் கிளம்பிப் போனார். போனை இங்கேயே மறந்து வைத்துவிட்டார்."

"கிளம்பிட்டாரா? தனியாவா? சரி சார், நான் பஸ் ஸ்டாப்புக்கு வந்து பாத்துக்கறேன். ரொம்ப தேங்க்ஸ் சார்."

அவள் எனக்கு நன்றி சொன்னது அந்த ஒரு முறைதான்.

நான் பேசியது அவருக்குக் கேட்டது. கண் திறந்துதான் இருந்தது. என்னையே பார்த்தார். நான் போனை டீப்பாயில் வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். வெறுமனே உட்கார்ந்திருப்பது சங்கடமாக இருந்ததால் மடிக்கணினியைத் திறந்தேன். கட்டுரையில் படம் சேர்ப்பது எப்படி என்று யாரோ புதியவர் ஒருவர் கேட்டிருந்தார். படிப்படியாக விளக்கி, விரிவாகவே பதில் எழுதினேன். வணக்கம், நன்றி இரண்டும் போட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது அவர் மூச்சு நின்றிருந்தது.

மாத்திரை அட்டையை அவருடைய சட்டைப் பையில் திரும்ப வைத்தேன். பிறகு ஆம்புலன்சுக்குச் சொன்னேன். வந்தவர் வாசலிலேயே மயங்கி விழுந்தார் என்றேன். அந்தப் பெண் அதற்குள் ராஜகீழ்ப்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் வந்து இறங்கி, வருகிற போகிற முதியவர்களின் முகத்தையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஆம்புலன்ஸ் எங்கள் தெருவுக்குள் திரும்புவதைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்தாள். கிளம்பிப் போனதாக நான் சொன்ன மனிதரை ஸ்ட்ரெச்சரில் இறக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "போயிட்டார்னு சொன்னீங்களே" என்று மட்டும் கேட்டாள். மறுபடியும் ஒரு கேள்வி. அதன் பிறகுதான் உங்களிடம் வந்திருக்கிறாள்.

நீங்கள் இதைக் கொலை என்று எழுதப் போகிறீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரையைக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும், தெரிந்துதான் கொடுக்கவில்லை. போனில் பொய் சொன்னதும் தெரிந்துதான். கையெழுத்துப் போடுகிறேன். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

மறுநாள் எல்லாப் பத்திரிகைகளிலும் செய்தி வந்தது. பெயர், ஊர், ஆடிய அணி, வயது எல்லாம் சரியாக இருந்தது. நான் உடனே கட்டுரையைத் திறந்து நாசரேத் சான்றை நீக்கினேன். சரியான தேதியைப் போட்டுப் புதிய சான்றைச் சேர்த்தேன். சுபத்ரா அப்போது பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன காரணமோ, காபி டம்ளரை வைக்காமலே உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை.

உங்களிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை. நீங்கள் என்னை அழைத்துக்கொண்டு வருவதற்குச் சற்றுமுன், அமலராணி மறுபடி உதவிப் பக்கத்துக்கு வந்திருந்தாள். இந்த முறை சொந்தப் பெயரில். "எங்க அப்பா எப்படிச் செத்தார்னு அந்தப் பேஜ்ல எழுதணும். அதுக்கு நான் என்ன செய்யணும்?" என்று கேட்டிருக்கிறாள். முதல் தகவல் அறிக்கையை வைத்து எழுதக்கூடாது, தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு எப்படித் தெரியும்? அவசரப்பட்டு எதையாவது எழுதுவாள், யாராவது அழிப்பார்கள், மனசு உடைந்துபோவாள். மடிக்கணினியை ஒரு பத்து நிமிஷம் தந்தால் நான் பதில் எழுதிவிடுவேன். புதியவர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்ல அங்கே என்னை விட்டால் வேறு ஆள் இல்லை சார்.